ஐயா, நாலு மாசமா உபவாசம் இல்ல, என் இரட்சிப்பு போயிடுச்சா?

கேள்வி: ஐயாவுக்கு ஸ்தோத்திரம். நான் குடியாத்தம் பக்கம், வயசு 46. ஆம்பூர்ல ஷூ கம்பெனில தையல் செக்ஷன்ல வேல. 18 வருஷமா வெள்ளிக்கிழம உபவாசம் ஒரு வாரம் விட்டதில்ல, தசமபாகம் ஒரு மாசம் தவறினதில்ல, மகளிர் குழுவுல லோன் எடுத்தாவது குடுத்துடுவேன். இப்ப கர்ப்பப்பை ஆபரேஷன் ஆச்சு, சுகரும் இருக்கு, பட்டினி கெடக்கவே கூடாதுன்னுட்டாங்க டாக்டரம்மா. நாலு மாசமா உபவாசம் இல்ல. அதுலருந்து ஜெபம் பண்ணா கூரைய தாண்டி போகாத மாதிரி இருக்கு, ராத்திரில தூக்கம் வரல. இதுக்கு நடுவுல எங்கப்பா இறந்துட்டாரு. குடிகாரரு. சின்ன வயசுல ஞானஸ்நானம் எடுத்ததோட சரி, 40 வருஷம் சர்ச் வாசப்படி மிதிக்கல. கடைசி 9 நாள் ஆஸ்பத்திரில இருந்தாரு, ரெண்டாம் நாள் ராத்திரி என் கைய புடிச்சிகினு ஏசப்பா என்ன மன்னிச்சிடுங்கன்னு அழுதாரு. எங்கம்மா கிட்ட மன்னிப்பு கேட்டாரு. டீக்கடையில 340 ரூபா பாக்கி கீது குடுத்துடுன்னாரு. எங்க ஜெபக்குழு அக்கா, கனி இல்லாத மரம், கடைசி நேரத்துல சொன்னா செல்லாதுன்னு சொல்லிட்டாங்க. அழுகையா வருது. ஆனா ஒரு உண்மைய சொல்றேன் ஐயா, செல்லும்னு யாராவது சொன்னாலும் எனக்கு மனசு ஆறல. அவ்ளோ ஆட்டம் ஆடிட்டு ஒரே வார்த்தைல உள்ள போயிட்டாருன்னா நான் 18 வருஷம் பட்டினி கெடந்தது எதுக்கு? பக்கத்து வீட்டு ஆர்.சி. அம்மா வேற, வேளாங்கண்ணிக்கு நடந்து போய்ட்டு வா எல்லாம் சரியாகும்ங்கறாங்க. என் இரட்சிப்பு இருக்கா போயிடுச்சா?

பதில்: அம்மா, உங்க லெட்டர மூணு தரம் படிச்சேன். வேதத்த தொறக்கறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன், டாக்டரம்மா சொன்னா சொன்னதுதான், நேரத்துக்கு சாப்பிடுங்க. சுகர் மாத்திரைய போட்டுகிட்டு வயித்த காயப்போட்டா சுகர் சர்ருன்னு எறங்கி மயக்கம் வரலாம், நீங்க மிஷின்ல உக்காந்து தைக்கிறவங்க, கை எங்க போகும் ஊசி எங்க போகும். நான் ஆயரா இருந்த வருஷத்துல ஆறு வருஷம் ஆஸ்பத்திரி சாப்ளின் வேல, ஈஸ்டருக்கு முந்தின லெந்து நாள் வந்தா போதும், மாத்திரையும் போட்டுகிட்டு உபவாசமும் இருந்து எமர்ஜென்சிக்கு தூக்கிட்டு வர்ற அம்மாமார் எத்தன பேரு. அவங்க பக்கத்துல உக்காந்து ஜெபம் பண்ணிருக்கேன், இத ஆண்டவர் கேக்கலம்மான்னு அழுதும் சொல்லிருக்கேன்.

இரட்சிப்பு போயிடுச்சான்னு கேட்டீங்க. போகல. உபவாசத்தால வராத ஒண்ணு உபவாசம் நின்னதால எப்படிமா போகும்?

உங்க லெட்டர்ல ரெண்டு கேள்வி இருக்கற மாதிரி தெரியுது. எனக்கு இருக்கா போயிடுச்சாங்கற பயம் ஒண்ணு, அப்பாவுக்கு அவ்ளோ ஈஸியா கெடச்சிடுமான்னு ஒரு ஆத்தாமை. ஆனா வேரு ஒண்ணுதான். இரட்சிப்ப சம்பளம்னு நெனச்சிட்டீங்க. சம்பளம்னா லீவு போட்டா புடிப்பாங்கன்னு பயம் வரும், நேத்து வந்தவனுக்கும் அதே சம்பளம்னா வயிறு எரியும். ரெண்டும் சம்பளத்துக்கு நியாயமான உணர்ச்சிதான், அதனால உங்கள திட்டறதுக்கு ஒண்ணும் இல்ல, இப்படி நெனச்சதுக்காக நீங்க பயப்படவும் வேணாம்.

சம்பளம்னா என்னன்னு உங்களுக்கு நான் சொல்லணுமா. மாசம் பொறந்து அக்கவுண்ட்ல பணம் ஏறினா முதலாளி கால்ல விழுந்து நன்றின்னு அழுவீங்களா? மாட்டீங்க, அழவும் வேணாம், அது உங்க இடுப்பு வலியும் கண்ணு எரிச்சலும், அவரு உங்களுக்கு குடுக்க வேண்டிய கடன். இதத்தான் பவுல் ரோமர் 4ஆம் அதிகாரம் 4ஆம் வசனத்துல எழுதறாரு, வேல செஞ்சவனுக்கு வர்ற கூலி கிருபைன்னு எண்ணப்படாது, கடன்னு எண்ணப்படும்னு. கூலிக்காரங்களுக்கு சட்டுனு புரியற வசனம், ஏசி ரூம்ல உக்காந்து படிக்கிறவங்களுக்கு கூட இவ்ளோ புரியாது. இதுக்கு நேர் எதிர்ல எபேசியர் 2:8 நிக்குது, "கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு". ஈவுன்னா சும்மா குடுத்தது. சீர்வரிசை தட்டுல வெக்கிற மாதிரி, நீங்க கைய நீட்டி வாங்கினீங்க அவ்ளோதான், கைய நீட்டினதுக்கு கூலி யாரும் கேக்க மாட்டாங்க. அந்த நீட்டின கைக்கு பேருதான் விசுவாசம். நெறைய பேரு விசுவாசத்தையே இன்னொரு வேலையா ஆக்கிடறாங்க, உனக்கு விசுவாசம் பத்தல இன்னும் கொஞ்சம் சேத்துக்கோன்னு. ரேஷன் கடையில கை எவ்ளோ பெருசுன்னு பாத்தா அரிசி அளக்கறாங்க?

ஆபிரகாம் கதைய பவுல் எடுக்கறது ஒரு தேதி கணக்குக்காகதான். ஆதியாகமம் 15ல ஆபிரகாம் கர்த்தர விசுவாசிச்சாரு, அத அவருக்கு நீதியா எண்ணினாருன்னு இருக்கு. விருத்தசேதனம்ங்கற அடையாளச் சடங்கு வர்றது 17ஆம் அதிகாரத்துல. நடுவுல 16ல இஸ்மவேல் பொறக்கும்போது ஆபிரகாமுக்கு 86 வயசு, விருத்தசேதனம் நடக்கும்போது 99. கொறஞ்சது 13 வருஷம், ஒரு சடங்கும் இல்லாம ஒரு அடையாளமும் இல்லாம அந்த மனுஷன் தேவனுக்கு முன்னாடி நீதிமானா நின்னிருக்காரு. மோசேயோட சட்டம் வர்றதுக்கு இன்னும் 430 வருஷம் ஆகும்னு கலாத்தியர் 3ல வேற கணக்கு போடறாரு. உங்களுக்கு நாலு மாசம். அதுக்கு இவ்ளோ பயமா?

ரொம்ப பேருக்கு தெரியாத ஒரு விஷயம் சொல்றேன், நம்ம ஊரு விஷயம்தான். வட ஆற்காட்டு சபைங்கள்ல நெறைய சபைக்கு பாட்டன் வீடு எதுன்னு தேடிட்டு போனா 1853ல ஸ்கடர் குடும்பத்து அண்ணன் தம்பிங்க ஆரம்பிச்ச ஆற்காடு மிஷன்ல போய் நிக்கும், அவங்க அமெரிக்காவுல இருந்த ரிஃபார்ம்டு சபைக்காரங்க. அந்த சபை வெச்சிருந்த ஞானோபதேசம், அதாவது விசுவாசத்த கேள்வி பதிலா சொல்லிக்குடுக்கற புஸ்தகம், ஹைடல்பர்க் கேட்டகிசம், 1563ல ஜெர்மனியில வந்தது. அது மூணு பாகம். மனுஷனோட நிர்பந்தம், மீட்பு, அப்புறம் நன்றி. பத்து கட்டளைகள எந்த பாகத்துல வெச்சிருக்காங்க தெரியுமா, மூணாவதுல, நன்றிக்குள்ள. ஜெபத்தையும் அதே எடத்துலதான் வெச்சிருக்காங்க. மீட்புங்கற பாகம் முடிஞ்சு கதவு சாத்தினதுக்கு அப்புறம்தான் நன்றியா நீ எப்படி வாழணும்ங்கற பேச்சு வருது. நான் செமினரில இத படிச்ச அன்னிக்கு ராத்திரி தூங்கல, உங்கள மாதிரி பயத்துல இல்ல, சந்தோஷத்துல. அதோட மொத கேள்வியே, வாழ்வுலயும் சாவுலயும் உனக்கு இருக்கற ஒரே ஆறுதல் என்னன்னு, பதில் என்னன்னா நான் எனக்கு சொந்தம் இல்ல, உடம்போடயும் ஆத்துமாவோடயும் இயேசு கிறிஸ்துவுக்கு சொந்தம்னு போகும். தூக்கம் வராத ராத்திரில இத மட்டும் சொல்லிட்டு படுங்க, வேற நீளமா ஜெபிக்க முடியலன்னா பரவால்ல.

உங்க ஆம்பூர்ல லூத்தரன் சபைக்காரங்க நெறைய, அக்டோபர் கடைசில சீர்திருத்த ஞாயிறு வெப்பாங்க. மார்ட்டின் லூத்தர் சபைய சீர்திருத்த குரல் எழுப்பின நாள் 1517 அக்டோபர் 31ன்னு தேதி சொல்லுவாங்க, ஆனா லூத்தர் அதுக்கு முன்னாடி பட்ட பாட்ட யாரும் அதிகம் சொல்றதில்ல. 1505ல மடத்துல சேந்த ஆளு, உபவாசம், ராக்கண் முழிப்பு, குளிர்ல போர்வை இல்லாம படுக்கறதுன்னு உடம்ப உருக்கி வெச்சாரு, பாவ அறிக்கைக்கு உக்காந்தா மணிக்கணக்குல எழுந்திருக்க மாட்டாராம், எதாவது ஒரு பாவம் சொல்லாம விட்டுப்போச்சோன்னு திரும்ப ஓடுவாராம். இவ்ளோ செஞ்சும் அவருக்கு நிம்மதி வரல. ஏன்னா எவ்ளோ செஞ்சா போதும்னு யாரும் சொல்ல முடியாது. உங்களுக்கும் அதேதான் நடக்குது பாருங்க, 18 வருஷத்துல 900 வெள்ளிக்கிழமைக்கு மேல வரும், அத்தனையும் சேந்து உங்களுக்கு நாலு மாச நிம்மதி கூட குடுக்கல.

இப்ப என் தப்ப சொல்லணும். இத சொல்லாம உங்க குழு அக்காவ பத்தி பேச எனக்கு யோக்கியதை இல்ல.

நான் புதுசா ஆயரா போன கிராமம் பாலாத்துக்கு அந்தாண்ட, பேரு வேணாம். சந்தா ஒரு வருஷத்துக்கு மேல பாக்கி வெச்சவங்களுக்கு ராப்போஜனம், அதான் ஆராதனைல குடுக்கற அப்பமும் ரசமும், இல்லன்னு கமிட்டில முடிவு, பாக்கி லிஸ்ட்ட ஞாயித்துக்கிழம ஆராதனைல படிக்கணும். எனக்கு 27 வயசு, படிச்சேன். சந்தா தப்புன்னு சொல்லல, கரண்ட் பில்லும் உபதேசியார் சம்பளமும் அதுலதான். ஆனா அத கொண்டு போய் ஆண்டவரோட பந்திக்கு டிக்கெட்டா வெச்சோம். அந்த லிஸ்ட்ல ஒரு பெரியவர், கூலிக்காரரு, மூணு வருஷ பாக்கி. நெஞ்சு சளி முத்தி படுத்துட்டாரு, பாக்க போனேன். கயித்துக் கட்டில்ல படுத்துகினே கேட்டாரு, "ஐயரே, சந்தா பாக்கி கீது, எனக்கு ராப்போஜனம் குடுப்பியா?" நான் என்ன சொன்னேன் தெரியுமா, செக்ரட்டரிய ஒரு வார்த்த கேட்டுட்டு வரேன்னேன். அவரு என்னையே பாத்துட்டு, "சரி ஐயரே, கேட்டுகினு வா. ஏசு சாமி நோட்டு பாக்க மாட்டாரு"ன்னாரு. புதன்கிழம அப்பமும் ரசமும் எடுத்துட்டு போறேன், செவ்வாய்க்கிழம ராத்திரியே போயிட்டாருன்னாங்க. வேத கல்லூரில நாலு வருஷம் படிச்ச எனக்கு ரோமர் நிருபம் பாடம், எழுத படிக்க தெரியாத அவருக்கு அது உயிரு. அதுக்கப்புறம் நான் இருந்த எந்த சபையிலயும் பாக்கி லிஸ்ட்ட படிக்க விட்டதில்ல, ஆனா அந்த பெரியவருக்கு குடுக்க வேண்டியத நான் குடுக்கல, அது அப்படியே நிக்குது.

அதனால உங்க அக்கா மேல எனக்கு கோவம் இல்ல, ஆனா அவங்க சொன்னது தப்பு. கடைசி நேரத்துல சொன்னா செல்லாதுன்னா இயேசுவுக்கு பக்கத்துல சிலுவையில தொங்கின கள்ளன என்ன பண்றது? அவன் இறங்கி வந்து ஒரு ஆராதனைக்கு போனானா, ஒரு காணிக்கை போட்டானா? கையும் காலும் ஆணி அடிச்சு கெடக்கு, செய்யறதுக்கு ஒண்ணும் இல்லாதவன், என்ன நெனச்சிக்கோங்கன்னு கேட்டான், இன்னிக்கே நீ என்கூட பரதீசுல இருப்பன்னு பதில் வந்துச்சு. நாளைக்குன்னு கூட சொல்லல.

சரி, கிரியை இல்லாத விசுவாசம் செத்ததுன்னு யாக்கோபு எழுதிருக்காரேன்னு அக்கா கேப்பாங்க. கேக்கட்டும், நல்ல கேள்வி. வார்டுல நர்ஸ் வந்து நாடி பாப்பாங்க இல்ல, நாடி பாக்கறது உயிர் குடுக்கறதுக்கு இல்ல, உயிர் இருக்கான்னு தெரிஞ்சிக்க. யாக்கோபு நாடி பாக்கறாரு. ஆவியில்லாத உடம்பு மாதிரின்னுதான் அவரே உதாரணம் சொல்றாரு, பிசாசுங்க கூட தேவன் ஒருவர்னு விசுவாசிச்சு நடுங்குதுங்கன்னு சொல்றாரு, வாய் மட்டும் ஆமென் சொல்லிட்டு பசிச்சவன பாத்து போய் குளிர் காஞ்சுக்கோன்னு அனுப்பறவன்கிட்ட பேசறாரு. பவுல் உள்ள எப்படி வந்தன்னு கேக்கறாரு, யாக்கோபு உள்ள வந்தவனுக்கு உசுரு இருக்கான்னு கேக்கறாரு. ரெண்டும் சண்ட போடற கேள்வி இல்ல. எபேசியர் 2ல 8, 9 படிச்சிட்டு 10 படிக்காம மூடிடறாங்க, நற்கிரியை செய்யறதுக்காகத்தான் நம்ம சிருஷ்டிச்சிருக்காருன்னு அங்கயே இருக்கு.

இப்ப உங்கப்பாவோட நாடிய பாருங்க. நீங்களே எழுதிருக்கீங்க, நீங்க கவனிக்காம எழுதிட்டீங்க. அம்மாகிட்ட மன்னிப்பு கேட்டாரு. நம்ம பக்கத்து ஆம்பளைங்க, அதுவும் 40 வருஷம் குடிச்சவரு, பொண்டாட்டிகிட்ட மன்னிப்பு கேக்கறது சின்ன விஷயமா? டீக்கட பாக்கி 340 ரூபா ஞாபகம் வருது, மூச்சு வாங்கிட்டு இருக்கற மனுஷனுக்கு. கனி இல்ல கனி இல்லன்னா இது என்ன? 9 நாள் மரத்துல 9 நாளுக்கு உண்டானது காய்ச்சிருக்கு. அவரு எங்க இருக்காருன்னு தீர்ப்பு சொல்ற எடத்துல நான் இல்ல, அக்காவும் இல்ல. அவரு யார கூப்பிட்டாருன்னு தெரியும், கூப்பிட்டவன தள்ளாதவருன்னு அவர பத்தி தெரியும். எனக்கு அது போதும், உங்களுக்கும் போதும்னு நெனைக்கிறேன்.

அந்த ஆத்தாமைக்கு வரேன், அதுதான் உங்க லெட்டர்ல உண்மையான எடம், அத எழுதினதுக்கு உங்களுக்கு நன்றி சொல்றேன், நெறைய பேரு அத ஒளிச்சு வெச்சிகிட்டு கசந்து போறாங்க. மத்தேயு 20ல திராட்சத் தோட்டக்காரன் கதை, காலையில வந்தவனுக்கும் ஒரு பணம், சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தவனுக்கும் ஒரு பணம். நாம எப்பவும் காலையில வந்தவனுக்காகத்தான் பரிதாபப்படறோம், பாவம் வெயில்ல காஞ்சானேன்னு, நம்ம வேலூர் வெயில் தெரிஞ்சவங்களுக்கு இன்னும் அதிகமா தோணும். ஆனா காலையில ஆறு மணிக்கு சித்தாளுங்க கொத்தனாருங்க தூக்குப்போசியோட வந்து நிக்கிற எடத்த பாத்திருக்கீங்கல்ல, எட்டு மணிக்குள்ள பாதி பேர கூட்டிட்டு போயிடுவாங்க, மீதி பேரு நிப்பாங்க. மத்தியானம் வரைக்கும் கூப்பிட ஆள் வராம, வீட்டுக்கு வெறும் கையா எப்படி போறதுன்னு நிக்கிறவன் மூஞ்சிய பாத்தா தெரியும், அன்னிக்கு கஷ்டப்பட்டவன் யாருன்னு. வேலைக்கு போனவன் காலையிலயே நிம்மதியாயிட்டான், சாயங்காலம் சோறு இருக்குன்னு.

உங்கப்பா ஆட்டம் ஆடினாருன்னு எழுதினீங்க. ஆட்டமாமா அது? ராத்திரி எத்தன நாள் அவர தெருவுலருந்து தூக்கிட்டு வந்திருப்பீங்க, காலையில கை நடுங்க உக்காந்திருந்தது உங்களுக்கு தெரியாதா. அவரு 40 வருஷம் அந்த மூலையில நின்னவரு. நீங்க விடிகாலையிலயே தோட்டத்துக்குள்ள வந்துட்டீங்க. உங்களுக்கு மனசு ஒடஞ்சப்போ கூப்பிட ஒரு பேரு இருந்துச்சு, அவருக்கு சாராயம்தான் இருந்துச்சு. 18 வருஷம் எதுக்குன்னு கேட்டீங்க, அந்த 18 வருஷம் எஜமானோட இருந்தீங்களே அதுவேதான். ஆனா ஒரு கவலை எனக்கு, அவரோட இருந்தத அனுபவிக்காம பட்டினிய மட்டும் எண்ணிட்டு இருந்தீங்களோன்னு. கெட்ட குமாரன் கதையில மூத்தவன் அப்படித்தான், வீட்டுக்குள்ளயே இருந்துட்டு இத்தனை வருஷமா ஊழியம் செஞ்சேன்னு கணக்கு சொல்றான், தம்பின்னு கூட சொல்லாம உம்முடைய குமாரன்ங்கறான். அவன்கிட்டயும் தகப்பன் வெளிய வந்து கெஞ்சறாரு, அத மறந்துடாதீங்க. இளையவனுக்காக ஓடின அதே தகப்பன் மூத்தவனுக்காகவும் பந்திய விட்டு எழுந்து வந்தாரு.

எனக்கு சோளிங்கர்ல ஒரு பழைய நண்பர், வைணவர், ரிட்டயர்டு தமிழ் வாத்தியார். அவங்க மரபுலயும் இந்த கேள்வி இருக்கு, குரங்குக்குட்டி தாய கெட்டியா புடிச்சிக்குது, பூனைக்குட்டிய தாயே வாயில கவ்விட்டு போகுது, பக்தன் இதுல எதுன்னு வடகலை தென்கலைன்னு ரெண்டு பிரிவுக்காரங்க பல நூறு வருஷமா பேசிட்டிருக்காங்க. அவங்க பேசறதும் நாம பேசறதும் ஒண்ணுன்னு சொல்ல வரல, ஆனா உங்க லெட்டர படிச்சப்போ அந்த பூனைக்குட்டிதான் ஞாபகம் வந்துச்சு. கை வலிக்க புடிச்சிட்டு இருந்தீங்க, ஆபரேஷன்ல கை நழுவிடுச்சு, கீழ விழுந்துட்டோம்னு கத்தறீங்க. நீங்க விழல, கழுத்துல பிடி இருக்கு.

பக்கத்து வீட்டு அம்மாவோட சண்ட போடாதீங்க. அவங்க சபையும் நடந்து போனா இரட்சிப்பு வாங்கிக்கலாம்னு போதிக்கல. 1999ல அதே அக்டோபர் 31ல ஆக்ஸ்பர்க்ல கத்தோலிக்க சபையும் லூத்தரன் உலக கூட்டமைப்பும் கையெழுத்து போட்டாங்க, நம்ம புண்ணியத்தால இல்ல கிருபையாலதான் தேவன் நம்ம ஏத்துக்கறாருன்னு, பின்னாடி மெதடிஸ்டும் ரிஃபார்ம்டும் சேந்துகிட்டாங்க. வித்தியாசம் இன்னும் இருக்கு, இல்லாம இல்ல. அந்தம்மா நன்றியா நடந்தா நடக்கட்டும், நீங்க இப்ப இருக்கற உடம்புக்கு நடக்க வேணாம்.

உபவாசம் கெட்டதான்னு கேட்டா இல்ல, உடம்பு தேறி டாக்டர் சரின்னா அப்புறம் பாருங்க, சாப்பாட்டுக்கு பதிலா டிவியோ போனோ ஒரு வேளை விடலாம், அதுவும் கட்டாயம் இல்ல. லோன் எடுத்து தசமபாகம் குடுக்கறத இன்னியோட நிறுத்துங்க, இத ஆயரா அழுத்தி சொல்றேன். அவனவன் விசனமா இல்ல, கட்டாயமா இல்ல, மனசுல நியமிச்சபடி குடுக்கட்டும்னு 2 கொரிந்தியர் 9ல இருக்கு, வட்டிக்கு வாங்கி குடுன்னு எந்த அதிகாரத்துலயும் இல்ல. குழு கடன் முடியற வரைக்கும் கையில இருக்கறது 10 ரூபான்னா 10 ரூபா, அந்த விதவையோட ரெண்டு காசு யாருக்கும் கொறச்சலா தெரியல. குழுவுல யாராவது கேட்டா எங்க ஆயர் சொன்னாருன்னு சொல்லுங்க.

தூக்கம் ரெண்டு வாரத்துக்கு மேல இப்படியே இருந்தா டாக்டரம்மாகிட்ட சொல்லுங்க. கர்ப்பப்பை எடுத்ததுக்கு அப்புறம் உடம்பு மாறும், சுகரும் தூக்கத்த கெடுக்கும், அப்பா போன துக்கம் வேற. ஜெபம் மேல போகலங்கறது எல்லாமே ஆவிக்குரிய பிரச்சனைன்னு எடுத்துக்காதீங்க, பாதி உடம்பு அலுப்பா இருக்கும். மாத்திரை எழுதி குடுத்தா போடுங்க, விசுவாசக் குறைச்சல் இல்ல அது.

அந்த டீக்கட பாக்கிய குடுத்தாச்சான்னு எழுதல நீங்க. குடுக்கலன்னா இந்த ஞாயித்துக்கிழம ஆராதனை முடிஞ்சு அம்மாவையும் கூட்டிட்டு போங்க, அப்பா குடுக்க சொன்னாருன்னு சொல்லி குடுங்க, 340 தான, அவரு வேணாம்னாலும் வெச்சிட்டு வாங்க. அப்படியே அங்கயே உக்காந்து ரெண்டு பேரும் சக்கரை இல்லாம ஒரு டீ குடிச்சிட்டு, கடைக்காரர் அப்பாவ பத்தி என்ன சொல்றாருன்னு கேட்டுட்டு வந்து எனக்கு எழுதுங்க.